எட்டில் கூப்பிட்டவன்

“என்ன அண்ணி, புது வால்வு உயிரோட இருக்கா, இல்ல அதுவும் பழசு மாதிரி புகை விட்டுடுச்சா?”

சின்னவன் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தைக்கும் பச்சைத் திரைச்சீலைகள் முன்னறை முழுக்கக் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் யாரும் அந்த வீட்டுக்குள் போக முடியும்.

“உயிரோடதான் இருக்கு,” என்றாள் அக்கா.

“அதுக்கு ஏன் இழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி மூஞ்சி?”

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அந்த நாட்களில் பேசக் கூடாத பேச்சு அது. சின்னவன் அக்காவுக்குத் தம்பி. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். புயலில் மாட்டிய அந்தக் கப்பலிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாக ஒரு சத்தமும் இல்லை.

“உக்காருங்க, சோறு போடுறேன்.”

“வேணாம். கரை நிலையம் வரைக்கும் போய்ட்டு வந்துடுறேன். காதைப் பாக்கணும்.” அங்கே ரேடியோ கேட்பவருக்கு அதுதான் பட்டப்பெயர்.

“ஏதாவது சேதி வந்துச்சா?”

“சேதி இல்ல. ஒண்ணு கேக்கணும்.”

“ஃபோன்ல கேக்கலாமே?”

“நேர்லதான் கேக்கணும்,” என்று அக்கா குடையை எடுத்துக்கொண்டாள். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் காலையில் பார்த்த ஃபிலிம் கண்ணுக்குள் மறுபடி வந்து நின்றது.

ஊருக்கு வெளியே இருந்த அளவை நிலையத்தில் அக்காவுக்கு வேலை. அங்கே ஒரு கருவி வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பும். தாழ்ந்த அலைவரிசையில் ஆரம்பித்து மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும். வெகு உயரத்தில், காற்று மெலிந்து போன இடத்தில், வெயில் பட்டு மின்னூட்டம் ஏறிய அடுக்குகள் இருக்கின்றன. அதில் பட்டுத் திரும்புகிற அலை ஃபிலிமில் கோடாக விழும். ஓர் அளவுக்கு மேல் அலை திரும்பாது, துளைத்துக்கொண்டு போய்விடும். எதுவரை திரும்புகிறது என்று படித்துச் சொல்வதுதான் அக்காவின் உத்தியோகம். நிலையத்தில் அதைக் கூரை என்பார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அந்தக் கூரையை விட்டால் வேறு கம்பி இல்லாத காலம் அது. கூரையில் அடித்துத் திரும்பினால் பேச்சு. இல்லாவிட்டால் மௌனம்.

பகலில் பல அடுக்குகள். பொழுது சாய்ந்தால் கீழே இருப்பவை கலைந்துபோகும். மேலடுக்கு ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் இரவு ஏற ஏற மெலியும். மாதா மாதம் அக்கா ஓர் அட்டவணை போட்டுக் கொடுப்பாள்: பகலில் இந்த அலைவரிசையில் பேசு, நடுநிசிக்கு மேல் இதில் பேசு. அது அச்சாகி எல்லாக் கப்பலுக்கும் போகும்.

இந்த முறை அட்டவணை போடுவதற்கு முன்பே, அலையை அனுப்பும் கருவியின் பெரிய வால்வு, பல்பு மாதிரியான கண்ணாடிக் குழாய், எரிந்துபோய்விட்டது. மாற்று வால்வு கடல் கடந்து வர வேண்டும். கப்பல்களோ அட்டவணைக்குக் காத்திருக்கும். கடலுக்கு அந்தப் பக்கம், பூமியின் இன்னொரு கன்னத்தில், இதே அட்சரேகையில் இதேபோல் ஒரு நிலையம் இருந்தது. அக்கா அவர்களுடைய இரவு அளவுகளை வாங்கினாள். குருட்டாம்போக்கில் வாங்கவில்லை. இரவும் பகலும் சமமாக இருந்த மாதத்து ஃபிலிம்களை எடுத்து இரண்டு நிலையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒத்துப்போயின. அதே அட்சரேகை, அதே மாதம், அதே வெயில். அப்புறம் என்ன என்று அந்த அளவுகளையே போட்டுவிட்டாள்.

இன்று காலை புது வால்வு எடுத்த முதல் இரவின் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். நடுநிசிக்கு மேல் கோடு எங்கேயோ அடியில் கிடந்தது. சமமான மாதங்களில் ஒத்துப்போகிற இரண்டு வானங்களும் நீண்ட இரவுகள் வந்ததும் பிரிந்துவிட்டிருந்தன. அங்கே மேலடுக்கு விடியும்வரை தடிமனாக நிற்கிறது. இங்கே பாதி இரவிலேயே சல்லடையாகிவிடுகிறது. பூமியின் காந்தம் வரைபடத்துக் கோடு மாதிரி நேராகப் போவதில்லை. ஓரிடத்தில் மேலேறும், ஓரிடத்தில் கீழிறங்கும். உயரத்துக் காற்று அதன்மேல் பருவத்துக்கு ஒரு திசையில் வீசும். அக்காவுக்குத் தெரியாத பாடமா அது? தெரியும். ஒத்துப்போகிற பருவத்தில் ஒப்பிட்டுவிட்டு, பிரிகிற பருவத்துக்குப் போட்டுவிட்டாள்.

“வாங்க, வாங்க, வானத்து ராணி!”

கரை நிலையத்தில் காதொலிக் கருவியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வரவேற்றார் காது. எத்தனை இரைச்சலுக்குள்ளும் கப்பலின் சத்தத்தைப் பிரித்து எடுத்துவிடுவதால் வந்த பெயர். ஆள் மலை மாதிரி. நாற்காலி எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். “ஆயிரம் மைலுக்கு அந்தாண்ட எவன் தும்மினாலும் கேக்குது, அடுப்படியிலேர்ந்து நான் கத்தினா கேக்கல,” என்று அவர் மனைவி சொல்வதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

“ராத்திரியில எட்டு எப்படி இருக்கு?” என்றாள் அக்கா, உட்காராமலே. எட்டு, நாலு என்பதெல்லாம் அவர்களுக்குள் அலைவரிசைகளின் பெயர். அட்டவணை, நடுநிசிக்கு மேல் எட்டு என்றிருந்தது.

காது சிரிப்பை நிறுத்தினார். “சொல்லணுமா?”

“சொல்லுங்க.”

“பொழுது சாஞ்சு கொஞ்ச நேரம் நல்லா வருது. அப்புறம் படுத்துடுது. அதனால என்ன, பசங்க எல்லாம் நாலுக்கு இறங்கி வந்துடுறானுங்க. எவன் அட்டவணையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“வால்வு போய் நீங்களே அல்லாடிக்கிட்டு இருந்தீங்க. போதாக்குறைக்கு நான் வேற வந்து குத்தம் சொல்லணுமா? உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்.”

“என் தம்பி நாலுக்கு இறங்குவானா?”

காது காதொலிக் கருவியை முழுசாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அக்கா நகரவில்லை.

“போன பயணத்துல இன்னொரு கப்பல்காரன் கிண்டல் பண்ணினான்,” என்றார் கடைசியில். “‘அட்டவணை கெடக்குதுடா, இறங்கி வா’ன்னான். அதுக்கு உங்க தம்பி, ‘எங்கக்கா எட்டுன்னா எட்டு’ன்னான். அன்னிக்கு எட்டுதான் நின்னுச்சு. அந்தப் பயல்தான் வாய மூடிக்கிட்டான்.”

“அவன் கடைசியாப் பேசினத மறுபடி சொல்லுங்க.”

“பகல்ல வந்துச்சு. இன்ஜின் அறையில தண்ணி. ஜெனரேட்டர் போச்சு. ‘பேட்டரியில ஓடுறேன், ராத்திரி அட்டவணைப்படி கூப்பிடுறேன்’ன்னு சொன்னான். அவ்வளவுதான். சாயங்காலம் புயல் முத்திடுச்சு. அப்புறம் எத்தனை ராத்திரி! எட்டுல விடிய விடிய உக்காந்திருந்தேன் அம்மா. சத்தியமா கண்ணு மூடல.”

“நீங்க உக்காந்திருந்தீங்க. அவனும் கூப்பிட்டிருக்கான். அவன் குரல் நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிருக்கு.”

காதுக்குப் புரிய அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாற்காலி ஒருமுறை முனகியது.

“கம்பெனிக்காரன் அன்னிக்கே மூழ்கிட்டதா எழுதிட்டான்,” என்றார் மெல்ல. “ராத்திரி கூப்பிடுறேன்னவன் கூப்பிடல, அப்ப சாயங்காலமே போயிட்டான்னு கணக்கு. இன்னியோட தேடுறத நிறுத்துறாங்க.”

“பகல்ல நீங்க அவனைக் கூப்பிட முடியாதா?”

“கூப்பிடலாம். அவன் பேட்டரிய மிச்சம் பிடிப்பான். சொன்ன நேரம் தவிர ரேடியோப் பெட்டியத் திறக்க மாட்டான். ஒழுங்கான பையன்.”

“அந்த ஒழுங்குதான்...” என்று ஆரம்பித்துவிட்டு அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். குடையைக் காதின் மேஜைமேலேயே மறந்துவிட்டுக் கிளம்பினாள்.

கப்பல் கம்பெனியின் அறையில் மின்விசிறி கடகடத்தது. அக்காவின் நிலையத் தலைவரும் அங்கேதான் இருந்தார். கப்பல் மூழ்கிவிட்டது என்ற அறிக்கையில் கையெழுத்துப் போடக் கம்பெனி அவரை அழைத்திருந்தது. அக்கா நின்றபடியே சொன்னாள். கம்பெனிக்காரர் பேனாவை மூடாமல் கேட்டார்.

“அப்ப, ராத்திரி பேச்சு வராததுக்குக் கப்பல் மூழ்கினது காரணம் இல்லங்கறீங்க.”

“காரணமா இருக்கணும்னு இல்ல. கூப்பிட்டிருந்தாலும் நமக்குக் கேட்டிருக்காது.”

“அட்டவணை தப்பு?”

நிலையத் தலைவர் குறுக்கே வந்தார். “தப்புன்னு சொல்ல முடியாது. பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் வித்தியாசம்...”

“தப்பு,” என்றாள் அக்கா. “நான் போட்டது. அந்தப் பக்கத்து வானத்த இந்தப் பக்கத்துக்குப் போட்டுட்டேன்.”

“எழுதிக் கொடுப்பீங்களா?”

“கொடுக்கறேன். விமானத்த அனுப்புவீங்களா?”

கம்பெனிக்காரர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அனுப்பலாம். எங்க அனுப்ப? மிதந்துக்கிட்டு இருந்தா இந்நேரம் எங்க இருப்பாங்கன்னு எனக்கு யார் சொல்றது?”

அக்கா தாளை வாங்கி எழுதிக் கொடுத்தாள். விமானமும் போயிற்று, பழைய இடத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அகலமாகத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது.

கம்பெனியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் சொல்லிவிட்டாள். சின்னவன் மனைவி ஒரு திரைச்சீலையின் ஓரத்தை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவரு கூப்பிட்டாருங்கறீங்க.”

“ஆமா.”

“இங்க யாருக்கும் கேக்கல.”

“கேக்கல.”

“நீங்க போட்ட அட்டவணையால.”

“ஆமாம்மா.”

ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தாள். கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? போயிட்டாருன்னு அழுது முடிக்க இருந்தேன். இப்ப மறுபடி வாசலப் பாத்துக்கிட்டு உக்காரணும்.” மூக்கை உறிஞ்சினாள். “கல்யாணமான புதுசுல என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? எங்கக்கா சொன்னா வானம் கேக்கும்னாரு. நான்கூட, அப்ப உங்கக்காகிட்டச் சொல்லி மழைய நிறுத்துங்க, துணி காயலன்னேன்.”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

“எட்டு எப்ப நல்லா வேலை செய்யும்?”

“பொழுது சாஞ்சதும் கொஞ்ச நேரம்.”

“அந்த நேரத்துல அவரு தற்செயலாப் பெட்டியத் திறந்தா?”

“திறந்தா கேக்கும். திறக்கணும்.”

“காதுகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க.”

மறுநாள் பொழுது சாயும் நேரம். விதிப்படி வெளியாட்கள் கரை நிலையத்தில் பேசக் கூடாது. காது விதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் நாற்காலியையே விட்டுக் கொடுத்தார். ஒலிவாங்கியை எப்படி அமுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காட்டினார். சின்னவன் மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். முதலில் கப்பலின் பெயரை, காது எழுதிக் கொடுத்தபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். பிறகு அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“ஏங்க, நான்தான். கேக்குதா? ராத்திரி எட்டு வேண்டாம். அண்ணி தப்பாப் போட்டுட்டாங்களாம், அவங்களே சொல்றாங்க, பக்கத்துலதான் நிக்கிறாங்க. நாலுக்கு இறங்கி வாங்க. நாலு. உங்கக்கா பேச்சக் கேட்டது போதும். ஒரே ஒரு தடவை பொண்டாட்டி பேச்சக் கேளுங்க.”

காது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் விசையை விட்டாள். இரைச்சல். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல். அதற்குள் எதுவும் இல்லை என்பதைக் காதின் முகமே சொல்லியது.

தினமும் போனாள். தைக்க வேண்டிய துணியையும் எடுத்துக்கொண்டு போய், கூப்பிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் கையால் ஓரம் தைத்தாள். ஒருநாள் கெஞ்சுவாள், ஒருநாள் திட்டுவாள். வாடகை வீட்டுக்காரன் கூரையைச் சரி செய்து கொடுத்ததைக்கூட ஒருநாள் சொன்னாள். அக்கா பகலெல்லாம் ஃபிலிம் கழுவிவிட்டு, சாயங்காலம் கதவருகே வந்து நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. அளவை நிலையத்துக்கு, கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்திடமிருந்து ஒரு தந்தி. வால்வு எரிந்த கதையைச் சொல்லி அக்காதான் முன்பு அவர்களிடம் அளவு கேட்டிருந்தாள். தன் தப்பைச் சொல்லி, உங்கள் அளவுகளை இனி வாங்க மாட்டேன் என்று போன வாரம் எழுதியும் இருந்தாள். கப்பல் காணாமல் போனதையும் அதில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த வரியைப் படித்தவர், அவர்கள் ஊர்க் கரை நிலையத்தில் விசாரித்திருக்கிறார்.

அக்கா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு கரை நிலையத்துக்கு வந்தாள். சின்னவன் மனைவி அவள் முகத்தைப் பார்த்ததுமே துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

“படிங்க.”

“முதல்ல நானே...”

“எல்லாத்தையும் படிங்க அண்ணி. ஒரு வார்த்தை முழுங்கக் கூடாது.”

அக்கா படித்தாள். எங்கள் கரை நிலைய ஆள், புயலுக்குப் பிந்திய சில இரவுகள், நடுநிசிக்கு மேல் எட்டில் உங்கள் பக்கத்துக் கப்பல் ஒன்றைக் கேட்டார். பலவீனமான, ஆனால் தெளிவான குரல். தன் கரை நிலையத்தைத்தான் கூப்பிட்டது. அருகிலிருப்பவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்து இவர் குறுக்கிடவில்லை. கப்பல் மிதக்கிறது, எல்லோரும் உயிருடன் இருக்கிறோம் என்று சொன்னது. இடமும் சொன்னது. கடைசி இரவில் கேட்டது இது: ‘கரையில் பதில் இல்லை. அட்டவணை சரிதான். கோளாறு என் கருவியில்தான் இருக்க வேண்டும். பிரித்துப் பார்க்கப் போகிறேன்.’ அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காது கையை நீட்டி அதையும் தணித்தார்.

“அங்க எப்படிக் கேட்டுச்சு?” என்றாள் சின்னவன் மனைவி.

“அங்க கூரை நல்லா இருக்கு. அந்தப் பக்கமாச் சாஞ்சு போன அலை அங்க பட்டு இறங்கியிருக்கு. இந்த மாசம் அங்க எட்டுதான் சரி.”

“அப்ப நீங்க போட்ட அட்டவணை சரியான அட்டவணை.”

“அங்கத்துக்கு.”

“நல்லா ஓடிக்கிட்டு இருந்த பெட்டியப் பிரிச்சுட்டாரு.” அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “ஆடுற கப்பல்ல, பேட்டரி வெளிச்சத்துல. பிரிச்சு என்ன தேடியிருப்பாரு? ஒரு கோளாறும் இருந்திருக்காதே. எதைச் சரி பண்ணியிருப்பாரு?”

அக்கா தந்தியை மடித்தாள்.

“நான் முதல் நாள் கூப்பிட்டப்ப அவரு பிரிச்சு முடிச்சிருப்பாரா?”

“அதுக்கு முன்னாடியே,” என்றாள் அக்கா. ஒரு வார்த்தையும் முழுங்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே.

தந்தியில் இருந்த இடத்தைக் கணக்கில் வைத்து, நீரோட்டத்தையும் கூட்டி, கம்பெனி மறுபடி விமானம் அனுப்பியது. கம்பெனிக்காரர் வீட்டுக்கே வந்து, திரைச்சீலைகளைத் தாண்டி நின்றுகொண்டு, கண்டதைச் சொன்னார். எண்ணெய்ப் படலம். உடைந்த மரப் பலகைகள். ஒரு மிதவை, கயிறு கட்டியபடி, யாரும் இல்லாமல். கப்பல் பல நாள் மிதந்துவிட்டுத்தான் போயிருக்கிறது என்பது அவர் கணிப்பு. உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

அடுத்த மாதத்து அட்டவணையை அக்கா தன் நிலையத்து அளவுகளை வைத்தே போட்டாள். அடியில் ஒரு வரி சேர்த்து நிலையத் தலைவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

“‘பதில் வராவிட்டால் கருவியைப் பிரிக்காதீர்கள். கீழே உள்ள அலைவரிசைக்கு இறங்குங்கள். அட்டவணை தவறாக இருக்கலாம்.’ என்னம்மா இது? அட்டவணையிலயே அட்டவணைய நம்பாதேன்னு அச்சடிக்கறதா?”

“ஆமா.”

“நம்ம வேலைக்கு என்ன மரியாதை?”

“இருக்கறது போதும். அச்சுக்கு அனுப்புங்க.”

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அச்சாகி வந்த முதல் தாளை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சின்னவன் மனைவி இயந்திரத்தை நிறுத்தி, தாளை வாங்கி, மேலே இருந்த எண்களை எல்லாம் விட்டுவிட்டு அடியில் இருந்த வரியை மட்டும் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“சின்ன எழுத்தாப் போட்டிருக்காங்க,” என்றாள்.

“ஆமா. சொல்லிப் பாக்குறேன்.”

“பெரிசாப் போடச் சொல்லுங்க...”

அந்த இடத்தில் ‘அண்ணி’ என்று வர வேண்டும். வாய்வரை வந்து நின்றது அக்காவுக்குத் தெரிந்தது. அவள் அதைச் சொல்லாமலே குனிந்து துணியை ஊசிக்கடியில் தள்ளினாள். அன்று மட்டுமல்ல, அதற்கப்புறம் என்றைக்குமே சொல்லவில்லை. சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்தாள், மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். கூப்பிடுகிற சொல் மட்டும் இல்லை.

“பெரிசாப் போடச் சொல்றேன்,” என்றாள் அக்கா, பச்சைத் துணிகளைத் தாண்டி உள்ளே போனபடி.